வீட்டுக்கு மேலே பைனஸ் காடு, நடுவில் மானாப் புல்: வீட்டுக் காப்புறுதிப் பொலிசி புதுப்பிக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

எல்லப்பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் ஏறினால் வரும். அப்பா வாங்கிய காணி, உறுதிப் பத்திரம் எங்கள் பெயரில்தான், வீட்டை மட்டும் பேங்க் லோனில் கட்டினோம். முன்பக்கத்து இரண்டு அறைகளை டூரிஸ்ட் வந்தால் வாடகைக்குக் கொடுக்கிறோம். பின்னால் எங்கள் வேலி. வேலிக்கு அப்பால் தோட்டத்துக்காரர்கள் கைவிட்ட தேயிலை மலை ஒன்று, அதில் இப்போது தேயிலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும், ஆள் உயரத்துக்கு மானாதான் நிற்கிறது. அதற்கும் மேலே வன இலாகாவின் பைனஸ் (ஊசியிலை) மரக் காடு.

போன கச்சான் காற்றுக் காலத்தில் மேலே பைனஸுக்குள் தீ பிடித்து இரவு முழுக்க எரிந்தது. தியத்தலாவையிலிருந்து ஆமிக்காரர்கள் வந்தார்கள், வன இலாகா ஆட்களும் ஊர்ப் பையன்களும் சேர்ந்து பச்சைக் கொப்பு வெட்டி அடித்து அணைத்தார்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குசினிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த விறகில் எங்கிருந்தோ ஒரு தணல் வந்து விழுந்து, சாக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அம்மா கண்டதும் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

இப்போது பொலிசி புதுப்பிக்கிற நேரம். காப்புறுதிக் கம்பனியிலிருந்து வந்த பையன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, "அண்ணே, காட்டுத் தீ இதில் சேராது, தனியாகப் போட வேண்டும், அதற்கு முதல் பின்பக்கத்தைத் துப்புரவாக்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்பக்கம் என் காணியே இல்லை. தோட்டத்து ஆபீசில் கேட்டால் அந்த மலைக்கு ஆள் போட வழியில்லை என்கிறார்கள், வன இலாகாவில் கேட்டால் மரத்தில் கை வைத்தால் கேஸ் என்கிறார்கள். தீப் பொலிசி என்று பெயர் வைத்துவிட்டு காட்டுத் தீயை மட்டும் விடுவது எந்த ஊர் நியாயம்? நாளைக்கு மேலிருந்து தீ வந்து வீடு எரிந்தால் வன இலாகாவிடம் நட்டஈடு கேட்க முடியுமா? பேசாமல் கடன் வாங்கியாவது பின்பக்கத்தை முழுக்க வெட்டிச் சாய்த்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏஜென்ட்:

தம்பி, அந்தப் பையன் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் அரைகுறை. வெள்ளைக்காரன் காலத்து அச்சில் வந்த தீக்காப்புறுதிப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை உண்டு: காடு, புதர், புல்வெளி எரிவதாலும், காணி துப்புரவாக்கத் தீ வைப்பதாலும் வரும் நட்டத்துக்குப் பொறுப்பில்லை, பத்திரத்தில் தனியாக எழுதிச் சேர்த்திருந்தாலொழிய. இலங்கையிலும் பல பொலிசிகள் இன்னும் அந்த வாசகத்தைத்தான் சுமந்துகொண்டு வருகின்றன. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது புஷ் ஃபயர் சேர்ப்பு, அதாவது புதர்த் தீயையும் சேர்த்து எழுதும் என்டோர்ஸ்மென்ட். மேலதிகக் காசு பெரிதாக இருக்காது. வாய்ப் பேச்சில் "சேர்த்தாச்சு அண்ணே" என்றால் நம்பாதீர்கள், அட்டவணைப் பக்கத்தில் அது எழுத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பத்திரத்தையும் எடுத்து விலக்குகள் என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள், சில கம்பனிகளின் வீட்டுப் பொலிசியில் இது உள்ளேயே வந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உங்கள் பதிவிலேயே இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. இரண்டு அறை வாடகைக்கு விடுவதைக் கம்பனிக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறீர்களா? குடியிருக்கும் வீடு என்று போட்டு வாங்கிவிட்டு அதில் தொழில் நடந்தால், கிளெய்ம் வரும்போது நட்டத்தை மதிப்பிட வரும் அசெசர் முதலில் பிடிப்பது அதைத்தான். காட்டுத் தீயால் எரிந்ததா அடுப்பால் எரிந்ததா என்ற கேள்விக்கே போக மாட்டார்கள், முக்கிய விஷயத்தை மறைத்தீர்கள் என்று ஒரே வரியில் கடிதம் வரும். பிரீமியம் கொஞ்சம் கூடினால் கூடட்டும், சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தொகை. லோன் வீடு என்பதால் பேங்க் என்ன தொகைக்குப் போடச் சொன்னது? பெரும்பாலும் கடன் தொகைக்குத்தான். பேங்குக்கு அதன் காசு பத்திரமாக இருந்தால் போதும், உங்கள் கூரையைப் பற்றி அதற்கென்ன கவலை. 2022க்குப் பிறகு சீமெந்து, கம்பி, தகரம் எல்லாம் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். திரும்பக் கட்ட ஒரு கோடி ஆகும் வீட்டை 50 லட்சத்துக்குப் போட்டு வைத்திருந்தால், 20 லட்சம் நட்டத்துக்குக் கையில் வருவது 10 லட்சம்தான். பாதிக்குத்தானே காப்புறுதி செய்தாய், மீதிப் பாதிக்கு நீயே பொறுப்பு என்பது கணக்கு. அதிலும் எக்செஸ், அதாவது கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கைக் கழிப்பார்கள். முழுதாக எரிந்தால்தான் இந்தக் கணக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள், குசினி மட்டும் எரிந்தாலும் இதேதான். காணியின் விலையைச் சேர்க்காதீர்கள், காணி எரியாது. கட்டுமானச் செலவை மட்டும் ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டு மதிப்புப் போட்டு அந்தத் தொகைக்கு எடுங்கள்.

வன இலாகாவிடம் நட்டஈடு கேட்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தீயை வைத்தது யார் என்று காட்ட வேண்டும், அவர்கள் கவனக்குறைவுதான் காரணம் என்றும் காட்ட வேண்டும், அதற்குள் உங்கள் பேரன் வீடு கட்டிவிடுவான். அரசாங்கத்தின் இயற்கை அனர்த்தக் காப்புறுதி என்று 2016இல் ஒன்று தொடங்கினார்கள், தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ், வீட்டுக்கு உச்சம் 25 லட்சம். அது வெள்ளம், மண்சரிவு, புயலை மனதில் வைத்துப் போட்டது. புல்லுக்குத் தீ வைத்தவன் மனிதன், அதை இயற்கை அனர்த்தம் என்று வாதாடப் போகாதீர்கள்.

காட்டுவேலைக்காரர்:

ஏஜென்ட் அண்ணன் சொன்னது பத்திரத்தில் நிற்கட்டும். நான் அந்த "வெட்டிச் சாய்த்துவிடலாமா" என்ற வரிக்கு வருகிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். வன இலாகா நிலத்தில் கை வைத்தால் கேஸ் என்பது ஒரு பக்கம் (1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, காட்டில் தீ வைப்பதும் அதன்படி குற்றம்தான், எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்). அதை விடுங்கள், நீங்கள் இருப்பது சரிவில். மரத்தை வெட்டியதும் மண் வராது. வேர் அழுக சில வருடம் எடுக்கும், அதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதியாக இருப்பீர்கள், பிறகு ஒரு நவம்பர் மழையில் மலை இறங்கி வரும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் மண் சரிந்து என்ன நடந்தது என்று ஊவா மாகாணத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, 2025 நவம்பர் டித்வா புயல் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. தீக்குப் பயந்து மண்ணைக் கூப்பிடாதீர்கள்.

உங்களுக்கு எதிரி மரம் இல்லை, புல். பைனஸ் தடித்த பட்டை உள்ள மரம், அடியில் ஓடும் தீயில் பெரிய மரம் அநேகமாகச் சாகாது. எரிவது கீழே மெத்தை மாதிரிக் கிடக்கும் ஊசிச் சருகு, அது லேசில் உக்காது, அதோடு பிசின் வேறு. காட்டுக்குள் தீ தொடங்குவதும் அநேகமாக ஓரத்து மானாவிலிருந்துதான். யார் வைப்பது? மாட்டுக்கு இளம்புல் வரட்டும் என்று வைப்பவன் உண்டு, பன்றி, முயல் கலைக்க வைப்பவன் உண்டு, மரவள்ளி போட இடம் துப்புரவாக்குபவன் உண்டு, கேம்ப் போட்டு விட்டு கரியை அப்படியே போட்டுப் போகிற கொழும்புப் பிள்ளைகள் உண்டு. தானாகப் பிடித்த தீ என்று நான் வேலை செய்த காலத்தில் ஒன்றையும் கண்டதில்லை.

இன்னொன்று. நீங்கள் மேலே இருக்கும் காட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தீ சரிவில் ஏறும்போதுதான் ஓடும், இறங்கும்போது நடக்கும். மேலே எரிந்தால் தணல் பறந்து வரும், எரிகிற காயும் கட்டையும் உருண்டு வரும், அதற்கு ஆள் நின்று பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் கீழே, ரோட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறது? அங்கேயும் மானா என்றால், பஸ்ஸில் போகிறவன் வீசும் ஒரு பீடித் துண்டு போதும், நீங்கள் கதவைத் திறப்பதற்குள் தீ வாசலில் நிற்கும். கச்சான் அடிக்கிற நாளில் இந்தக் கணக்கும் மாறும், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான். தென்மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இறங்குகிற காற்று அது, எங்கள் பக்கம் வரும்போது ஈரம் ஒன்றும் மிச்சமில்லை. ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை ஊவாவில் தீ அதிகம் ஏன் என்றால் இதனால்தான். பெப்ரவரியிலும் வரும், 2025இல் எல்ல மலையில் எரிந்தது அந்த மாதத்தில்தான்.

என்ன செய்யலாம் என்றால், வெயிலுக்கு முதல், ஜூன் மாதத்திலேயே, தோட்டத்துத் துரைக்கு (மேனேஜருக்கு) எழுத்தில் ஒரு அனுமதி கேளுங்கள்: உங்கள் மலையில் எங்கள் வேலியோரம் ஒரு பட்டை அளவுக்கு மானாவை எங்கள் செலவில் வெட்டிக்கொள்கிறோம் என்று. ஆள் போட வழியில்லை என்றவர்கள் இதற்கு இல்லை என்று சொல்லக் காரணம் இல்லை. வெட்டும்போது கத்தியால் அறுத்து அடித்தூரை விட்டுவிடுங்கள். மண்வெட்டி போட்டுக் கிளறாதீர்கள், மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தூர்தான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையமே பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட முன்னால் மண்ணைத் தேற்ற மானாவையும் குவாத்தமாலாப் புல்லையும் போடச் சொல்கிறது, அதனால் அதைப் பேயாகப் பார்க்க வேண்டாம். களைநாசினி அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், செத்துக் காய்ந்து நிற்கிற மானா பச்சை மானாவைவிட மோசம். வெட்டிய புல்லை அங்கேயே குவித்து வைக்காமல் மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காக, வீட்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

வன இலாகாவுக்கும் அதேபோல ஒரு கடிதம், எல்லையில் தீத்தடுப்புப் பட்டை வெட்டச் சொல்லி. வட்டார வன அதிகாரிக்கு எழுதி, பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவகருக்கும் பிரதி போடுங்கள். பைனஸ் காட்டை என்ன செய்வது என்பது பெரிய கதை. எழுபது எண்பதுகளில் மொட்டையாகக் கிடந்த பத்தனைப் புல்வெளிகளிலும் கைவிட்ட தேயிலையிலும் வேறு ஒன்றும் பிடிக்காத மண்ணில் அதைத்தான் நட்டார்கள், அதற்காக அவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் அப்படியே விட்டது பிழை. சிங்கராஜா ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குணதிலக்க தம்பதியர் பைனஸ் வரிசைகளில் சிலவற்றை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் நம் நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அது ஈர வலயம், நம் பக்கத்து வரட்சிக்கு அப்படியே வருமா என்பது வேறு. ஆனாலும் ஒரே மரத்தையும் சருகையும் வைத்துக்கொண்டு வருடா வருடம் ஆமியைக் கூப்பிடுவதைவிட மேல்.

அட்டன் டு கலிபோர்னியா:

இங்கே இருந்துகொண்டு அங்கே புத்தி சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரியின் அண்ணன் சாக்ரமென்டோவுக்கு மேலே மலைப்பக்கம் இருக்கிறார், போன வருடம் அவர் பொலிசியைக் கம்பனி புதுப்பிக்க மாட்டேன் என்றுவிட்டது, பல வருடம் ஒழுங்காகக் கட்டினவர், ஒரு கிளெய்ம்கூட இல்லை. இங்கே இது இப்போது ஊர் வழக்கம். ஸ்டேட் ஃபார்ம் என்ற பெரிய காப்புறுதிக் கம்பனி 2023 மே மாதத்தில் கலிபோர்னியாவில் புது வீட்டுப் பொலிசி எடுப்பதையே நிறுத்தியது. யாரும் எடுக்காத வீடுகளுக்கு ஃபெயார் பிளான் என்று ஒன்று இருக்கிறது, காசு கூட, தருவது குறைய. 2018இல் பரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் செத்தார்கள், 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலஸில் இரண்டு தீயில் 16,000க்கு மேல் கட்டடங்கள் போயின. அதனால் உங்கள் கம்பனி "தனியாகப் போடலாம்" என்று சொல்கிறபோதே போட்டுவிடுங்கள், போட மாட்டோம் என்று சொல்கிற காலமும் வரும்.

இங்கே படித்ததில் உங்களுக்கு உதவுவது ஒன்று இருக்கிறது. வீடுகள் பெரும்பாலும் தீச் சுவர் வந்து முட்டி எரிவதில்லை, தணல் மழையால்தான் எரிகின்றன. காற்று இருந்தால் ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் தணல் வரும். அதனால் காட்டைப் பார்க்க முதல் சுவரிலிருந்து ஐந்தடியைப் பார் என்கிறார்கள்: அந்த ஐந்தடிக்குள் எரிகிற சாமான் ஒன்றும் கூடாது. 100 அடி வரைக்கும் புல்லையும் சருகையும் குறைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், ஆனால் காணிக்குள் மட்டும், பக்கத்துக் காணியை வெட்டச் சொல்லி யாரையும் பிடிப்பதில்லை. உங்கள் விறகுக் குவியல் அந்த ஐந்தடிக்குள் இருந்திருக்கிறது. கூரைப் பீலியில் பைனஸ் ஊசி நிறைந்திருக்கும், கையை விட்டுப் பாருங்கள். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவு கண் உள்ள கம்பி வலை அடியுங்கள், தணல் உள்ளே போய் சீலிங் பலகையில் உட்கார்ந்தால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. இதற்கெல்லாம் பெரிய காசு இல்லை. இங்கே இதைச் செய்தால் பிரீமியத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2022இல் விதியே போட்டார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை.

லயத்துப் பொண்ணு:

எல்லோரும் உறுதி உள்ள வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், சந்தோஷம். எங்கள் டிவிசனுக்கு மேலேயும் இதே மானாதான், இதே பைனஸ்தான். காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் (நாங்கள் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடு) யாருடையது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். ஒரு காம்பராவில், அதாவது ஒரு குடும்பத்து அறையில், தீ பிடித்தால் வரிசையே போகும், கூரைக்கு அடியில் நடுச்சுவர் முழுசாக மேலே போகாத லயங்கள் இன்னும் இருக்கின்றன. எரிந்தால் பாடசாலையில் தங்க வைத்து, பாயும் அரிசியும் கொடுத்து, படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்திய உதவியில் ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தவர்களில்கூட உறுதி கையில் வராமல் காத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். ஏஜென்ட் அண்ணே, எங்களுக்கு எந்தப் பொலிசி என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அப்புறம் தீ அணைக்கப் போவது யார்? பச்சைக் கொப்போடு முதலில் போவது எங்கள் வீட்டு ஆட்கள்தான், துரை பங்களாவில் இருந்து யாரும் வருவதில்லை. போய் வந்தவருக்கு அந்த நாள் பெயர் (நாள் சம்பளம்) கிடைக்குமா என்பதே தனிச் சண்டை.

பழைய ஏஜென்ட்:

தங்கச்சி, கோபம் நியாயம். கட்டடத்துக்கு வழி குறைவு, உறுதியோ குத்தகையோ காட்டச் சொல்வார்கள், உண்மையில் லயத்தைக் காப்புறுதி செய்ய வேண்டியது தோட்ட நிர்வாகம்தான், தொழிற்சங்கத்துக்காரர்கள் கூட்டு ஒப்பந்தம் பேசிய காலத்தில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வைத்திருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் சாமான் உங்களுடையது. டீவி, ஃபிரிஜ், தையல் மெஷின், கட்டில், நகை (நகைக்கு எல்லை உண்டு) இவற்றை மட்டும் வீட்டுச் சாமான் பொலிசியாகப் போடலாம், அதற்கு உறுதி தேவையில்லை. லயம் என்றதும் கிளையில் தயங்குவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போவதைவிட நாலைந்து குடும்பம் சேர்ந்து போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிட அது வேண்டும்.

எல்லப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. பீலியில் கையை விட்டேன், ஒரு பேசின் நிறைய ஊசி. வீட்டுக்குக் கீழே ரோட்டுப் பக்கமும் மானாதான், அதை இவ்வளவு நாள் வியூ மறைக்கிறது என்று மட்டும்தான் திட்டிக்கொண்டிருந்தோம், அது எங்கள் காணி என்பதால் அடுத்த கிழமை ஆள் போட்டு அறுக்கிறேன். துரைக்குக் கடிதம் எழுதியாயிற்று. அறை வாடகை விஷயத்தைச் சொன்னால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்று தங்கச்சிக்காரி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்குச் சொல்ல இஷ்டமில்லை, நான் சொல்லத்தான் போகிறேன்.

ஒரு கேள்வி மட்டும். தீ வந்துவிட்டால் யாருக்கு முதலில் அடிப்பது? போன முறை ஆளுக்கு ஒரு நம்பருக்கு அடித்து ஒன்றும் நடக்கவில்லை.

காட்டுவேலைக்காரர்:

117, அனர்த்த முகாமைத்துவ நிலையம். தீயணைப்புக்கு 110, ஆனால் அந்த வண்டி உங்கள் ஏற்றத்தில் ஏறாது, ரோட்டில் நின்று குழாய் எட்டுகிற தூரம்தான். கிராம சேவகருக்கும் வட்டார வன அலுவலகத்துக்கும் நேரடி நம்பரை இப்போதே வாங்கி குசினிச் சுவரில் எழுதி வையுங்கள். இடத்தைச் சொல்லும்போது உங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லாதீர்கள், தோட்டத்தின் பெயர், டிவிசன், மலை நம்பர் என்று சொல்லுங்கள், ஆமிக்காரனுக்கும் அதுதான் புரியும்.

பழைய ஏஜென்ட்:

தீயை அணைத்து முடிந்ததும் பொலிசில் ஒரு முறைப்பாடு, சின்னத் தீ என்றாலும். கிளெய்முக்கு முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான். ஓட்டை விழுந்த சாக்கை வீசியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பீலியைத் துப்புரவாக்கியது, புல் அறுத்தது எல்லாவற்றையும் போனில் திகதி விழுகிற மாதிரிப் படம் எடுத்து, அந்தப் பையனுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு என்டோர்ஸ்மென்டைக் கேளுங்கள்.